பின்வரிசைக்கு வந்துகொண்டிருந்த பாட்டு

பெலிக்ஸ் இறந்த முப்பதாவது நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, சென்னைக்கு வெளியே ஒரு மைதானத்தில் அவன் கடைசியாகப் பாடிய பாட்டுகள் ரோட்டு வழியாகவே நடந்து பொன்மலைக்கு வந்து சேர்ந்தன. வழிநெடுக ஊர்களிலிருந்து தகவல் வந்துகொண்டே இருந்ததால் நாங்கள் முன்கூட்டியே நாற்காலி போட்டு வைத்திருந்தோம்.

எங்கள் குழுவுக்கு ‘நாலாம் ஷெட்’ என்று பெயர். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்த பெலிக்ஸ் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவான், சந்தையில் மீன் கடை வைத்திருந்த காதர் அண்ணன் டிரம்ஸ் அடிப்பார், பேஸ் கிட்டாருக்கு யாராவது ஒருவர் வந்து நன்றாகப் பழகிய ஆறாவது மாதம் துபாய்க்குப் போய்விடுவார், நான் ஹாலின் கடைசிச் சுவரை ஒட்டிப் போட்ட மேஜையில் மிக்ஸரை வைத்துக்கொண்டு யாருடைய சத்தம் எவ்வளவு வெளியே போக வேண்டும் என்று பார்த்துக்கொள்வேன். நாலு பேர் முன்னால் நின்று பேச வராத எனக்கு அது பொருத்தமான வேலை. எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நான் எல்லோருடைய முதுகையும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் மனிதர்களுக்குக் காலுக்கு முன்னால் பிடரிதான் அசைகிறது என்பதை ஆறு வருஷம் அங்கே உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

காலனியின் கிளப் ஹாலில் எண்பது இரும்பு நாற்காலிகள் போடலாம், எண்பத்தொன்றாவதைப் போட்டால் கதவு திறக்காது. மின்விசிறியின் காற்று மைக்கில் அடிக்கும் என்பதால் அதை நிறுத்திவிடுவோம், மூன்றாவது பாட்டுக்குள் பாடுகிறவனும் கேட்கிறவர்களும் ஒரே மாதிரி நனைந்துபோவார்கள். கம்பியில் விரல் வழுக்கும் கீச்சொலி, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் அவன் மூச்சை இழுப்பது, ஒர்க்‌ஷாப்பில் பட்ட வெட்டுக்கு அவன் சுற்றியிருந்த பிளாஸ்திரி, எல்லாம் கடைசி நாற்காலி வரைக்கும் போய்ச் சேரும். பொன்மலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாட்டு எங்கே முடியும் என்று தங்களுக்குத் தெரியும் என்பதைக் காட்டுவதற்காக, கடைசி ஸ்வரம் அடங்குவதற்கு முன்பே, அதன் தலையிலேயே கைதட்டிவிடுவார்கள். எங்கள் பாட்டு எதுவும் தானாக அடங்கி நான் கேட்டதில்லை.

பெலிக்ஸுக்கும் எனக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை வரும். அவனுக்குப் பெரிய மைதானம் வேண்டும், எனக்கு இந்த ஹால் போதும்.

“எண்பது பேரும் நம்மளத் தெரிஞ்சவங்க அரசி,” என்பான். “தெரிஞ்சவங்க கைதட்டறது, விருந்துக்கு வந்தவங்க சாம்பார் நல்லாருக்குன்னு சொல்ற மாதிரி. உப்பு இல்லன்னாலும் சொல்லுவாங்க.”

“சாம்பார அண்டாவுல வச்சா உப்பு தானா வந்துருமா?”

“நீ ஏன் பயப்படறன்னு எனக்குத் தெரியும். பெரிய எடத்துல உன்ன மிக்ஸர் பக்கம் விடமாட்டாங்க.”

அது பாதி உண்மைதான் என்பதால் எனக்குக் கோபம் முழுதாக வரும். காதர் அண்ணன் குச்சிகளை உறைக்குள் செருகிக்கொண்டே, “சண்டைய முடிச்சிட்டுச் சொல்லுங்க, எனக்கு எங்க போனாலும் அதே ஸ்டூலுதான்,” என்பார்.

பெலிக்ஸ் கேட்டது பேரையோ புகழையோ அல்ல. தன்னைத் தெரியாத, தன் அம்மாவைத் தெரியாத, தான் எந்த வீதியில் எத்தனையாம் நம்பர் குவார்ட்டர்ஸில் இருக்கிறான் என்று தெரியாத ஒரு ஆள், நூறு வரிசைக்கு அப்பால் நின்றுகொண்டு, அவன் பாட்டைக் கேட்டு ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆளின் முகம் எப்படி இருக்கும் என்றுகூட யோசித்து வைத்திருந்தான். மீசை உண்டாம்.

சென்னையில் இருபத்தைந்தாயிரம் பேர் வருகிற நிகழ்ச்சியில், ஒரு பெரிய குழு மேடையேறுவதற்கு முன்னால் நாற்பது நிமிஷம் பாடுவதற்கு எங்களைக் கூப்பிட்டார்கள். ஒலிக்கு அவர்களே ஆள் வைத்திருந்தார்கள். அப்படியும் என்னைக் கூட வரச் சொன்னான். நான் என் அளவில் மிக நீளமான ஒரு பேச்சைப் பேசினேன். “நீ அங்க எறும்பு மாதிரித் தெரிவ. ஒரு எறும்பப் பாக்க நான் முந்நூறு கிலோமீட்டர் வரமாட்டேன். நீ பாடறது அங்க பின்வரிசைக்குப் போய்ச் சேரவே சேராது, எழுதி வச்சுக்க,” என்றேன். அவன் முதலில் சிரித்தான், பிறகு நான் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டான். அவன்மேல் எனக்கு இருந்ததை நான் சொன்னதில்லை, அவன் கேட்டதும் இல்லை. சொல்லாததற்கெல்லாம் சேர்த்து இதைச் சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அந்த மேடையில் அவர்கள் ஏறினார்கள். மேடைக்கு அருகில் நின்ற ஆயிரம் பேருக்குப் பாட்டு உடனே கேட்டது. அதற்குப் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் பாட்டு அங்கே இன்னும் வந்து சேரவில்லை. அது மேய்ந்துகொண்டே போகிற ஆட்டின் வேகத்தில் வரிசை வரிசையாக நடந்து போய்க்கொண்டிருந்தது. நடுவரிசைக்காரர்கள் முன்வரிசையைப் பார்த்துக் கைதட்டினார்கள், எதற்குத் தட்டுகிறோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பின்வரிசைக்காரர்கள், வாயை வாயை அசைக்கும் ஒரு சிறிய உருவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு பஜ்ஜிக் கடைகளின் பக்கம் நடந்தார்கள். அதற்குப் பிறகு பாடிய பெரிய குழுவின் சத்தம் வழக்கம்போல எல்லோருக்கும் உடனே கேட்டது. அந்தச் சத்தத்தின் அடியில் பெலிக்ஸின் பாட்டு யாருடைய காதிலும் படாமல் கடைசி வரிசையைக் கடந்து, கேட்டைத் தாண்டி, ரோட்டில் ஏறித் தெற்கே திரும்பியது.

அடுத்த நாள் காலை, வரும் வழியில், பாடாலூருக்குப் பக்கத்தில் டீ குடிக்க வேனை நிறுத்தியபோது, ரோட்டைக் கடந்த பெலிக்ஸை ஒரு லாரி அடித்துவிட்டது.

அடக்கம் முடிந்த அன்று காதர் அண்ணன் என்னிடம் வந்து உட்கார்ந்தார். “பின்னாடி ஜனங்க திரும்பிப் போனத அவன் பாத்துட்டான் தங்கச்சி. வேன்ல வர்றப்ப ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருந்தான். ‘அரசி சொன்னதுதான் சரிபோலண்ணே’ன்னான். அவ்வளவுதான் பேசினது.”

போவதற்கு எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

“ஆனா மேடையில கடைசிப் பாட்டு முடிஞ்சதும் மைக்கப் புடிச்சு என்னமோ சொன்னான். நான் சிம்பலப் புடிச்சு நிறுத்திட்டிருந்தேன். முன்னாடி இருந்தவங்க அப்படிக் கத்தறாங்க, அவங்களுக்கு நெஜமாவே புடிச்சிருந்தது. வாய் அசைஞ்சது மட்டும் பாத்தேன்.”

செல்போனில் எடுத்த வீடியோக்களை எல்லாம் தேடிப் பார்த்தேன். முன்னால் நின்று எடுத்தவற்றில் வெறும் கூச்சல், பின்னால் நின்று எடுத்தவற்றில் வெறும் அமைதி. நான் சொன்னதை நம்பிக்கொண்டு செத்துப்போனவன், அதை நம்பத் தொடங்கிய அந்த நிமிஷத்தில் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். திட்டியிருந்தாலும் சரி.

நாலாம் நாள் செங்கல்பட்டில் பங்க்சர் கடை வைத்திருக்கும் காதர் அண்ணனின் மச்சான் போன் செய்தார். “மச்சான், உங்க பய பாட்டு இங்க நம்ம கடை வாசல்ல போய்க்கிட்டிருக்கு. தகரம் அதிருது. நீங்க ஊருக்குப் போயிட்டீங்கல்ல?”

அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. பாட்டு ஒரு நாளைக்குப் பதினோரு கிலோமீட்டர் வந்தது. ரோட்டின் அகலத்துக்கு மட்டும் வந்தது, ஓரத்து வேலியைத் தாண்டினால் கேட்காது. ஓரிடத்தில் நின்றால் நாற்பது நிமிஷத்தில் ஏழு பாட்டும் நம்மைக் கடந்து போய்விடும். அதற்கு நாலு மணி நேரம் முன்னால், மேடையில் மைக் சோதித்தபோது அவன் பேசியது தனியாக வரும், “செக், செக், கிட்டாரக் கொஞ்சம் ஏத்துங்க சார்” என்று. நான் இயற்பியல் படித்தவள் என்பதால் ஒலியின் வேகம் என்ன என்று காலனியில் என்னைக் கேட்டார்கள். பாடப்புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். யாரும் அதை மறுக்கவில்லை, அதுவும் ஒரு வேகம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டில் கூட்டமாக நின்று கேட்பது நல்லதா, அரை கிலோமீட்டர் முன்னால் போய்ப் புளியமரத்தடியில் தனியாக நின்று கேட்பது நல்லதா என்று இரண்டு கட்சி ஏற்பட்டு, இரண்டு கட்சியும் அடுத்த கட்சிக்கு ரகசியமாக ஆள் அனுப்பி எது நன்றாக இருந்தது என்று விசாரித்தன. விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலைப் பாட்டு சரியாக முகூர்த்த நேரத்தில் கடந்தது, பெண்ணின் அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி இருக்கட்டும் என்று தலையாட்ட, தவில்காரர் இரண்டு பாட்டுக்குக் கூடவே வாசித்தார். அந்த டிரம்ஸ்காரர் மூன்றாவது பாட்டில் தாளத்தை முந்தி ஓடுகிறார் என்று அவர் பிறகு சொன்னதாகத் தகவல் வந்தது.

“ஓடுனது நானா?” என்றார் காதர் அண்ணன். “குதிர மாதிரி ஓடுனவன் அவன். நான் புடிக்கப் போனேன்.” சொல்லிவிட்டு மீன் வெட்டும் கட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

உளுந்தூர்பேட்டைக்குத் தெற்கே ரோட்டோரம் வேர்க்கடலை காயப்போட்டிருந்தவர்கள் அதை ஒதுக்கி வழிவிட்டார்கள், பாட்டுக்கு வழி வேண்டுமா என்று யாருக்கும் தெரியாது, இருந்தாலும் ஒதுக்கினார்கள். பெரம்பலூரில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை அந்த நாற்பது நிமிஷத்துக்குப் பரீட்சையைத் தள்ளி வைத்தார். இருபத்தாறாவது நாள், பாடாலூரில், பெலிக்ஸ் விழுந்த இடத்தை அவன் பாட்டு கடந்தது. அங்கே டீக்கடைக்காரர் எல்லாக் கண்ணாடி டம்ளர்களையும் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, வெளியே வந்து நின்றாராம்.

ஒவ்வொரு ஊரிலும் கடைசியில் அவன் என்ன பேசினான் என்று எனக்காகக் காதர் அண்ணன் போனில் கேட்டார். செங்கல்பட்டில் லாரி ஹாரன் அடித்துவிட்டது. விழுப்புரத்தில் கெட்டிமேளம். மற்ற இடங்களில் கைதட்டிவிட்டார்கள். நன்றி சொன்னான் என்றார் ஒருவர், தண்ணீர் கேட்டான் என்றார் இன்னொருவர், ஒரு பெண்ணின் பேரைச் சொன்னான் என்றார் பெரம்பலூர்க்காரர், என்ன பேர் என்று கேட்டதற்கு, பேர் கேட்கவில்லை, சொன்ன விதம் அப்படி இருந்தது என்றார். எனக்கு அது போதவில்லை. தவிரவும், வர வரப் பாட்டின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. செங்கல்பட்டில் தகரத்தை அதிர வைத்தது பெரம்பலூரில் வானொலி அளவுக்கு இறங்கியிருந்தது.

பொன்மலையில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேதமுத்து ஐயா பெரிய ஏற்பாடு செய்தார். தெருவை அடைத்துப் பந்தல், முந்நூறு நாற்காலி, மோர், வரவேற்புரைக்கு ஒரு மைக். எண்பது நாற்காலி போட்டு, கிளப் ஹால் கதவைத் திறந்து வைத்தால், பாட்டு தெரிந்த இடம் என்று உள்ளே வந்தாலும் வரும் என்று காதர் அண்ணன் மூலமாகச் சொல்லிப் பார்த்தேன்.

“ஏம்மா,” என்று வேதமுத்து ஐயா என்னிடமே நேராக வந்துவிட்டார், “சென்னையில இருந்து நடந்தே வர்றான் பிள்ள. அவனுக்கு எண்பது நாற்காலியா போடறது?”

முந்நூறே போட்டார்கள்.

பெலிக்ஸின் அம்மா பிலோமினா வெளியே வரவில்லை. முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு சாப்பிட வருகிறவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். “ரோட்ல போறத நான் எதுக்கு வந்து பாக்கணும்? வீடு தெரியும்ல, வரட்டும்,” என்றார்.

காலை பதினொரு மணிக்கு, “செக், செக்,” என்று அவன் குரல் வந்தபோதே ஞாயிற்றுக்கிழமைச் சந்தை முழுக்கத் தெருவுக்கு வந்துவிட்டது. முந்நூறு நாற்காலிக்கு எண்ணூறு பேர். நான் ஒரு தாளில், ‘கடைசிப் பாட்டு முடிந்ததும் தயவுசெய்து யாரும் கைதட்ட வேண்டாம், அவன் ஏதோ சொல்கிறான்’ என்று எழுதி, மைக்கில் அறிவிப்பதற்காக வேதமுத்து ஐயாவிடம் நீட்டினேன். கச்சேரியில் சீட்டு என்று யார் கொடுத்தாலும் அது விருப்பப் பாட்டு கேட்டுத்தான் இருக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் அதைப் பிரிக்கவில்லை. பையில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து சீட்டுகள் இருந்தன, அவற்றோடு வைத்துக்கொண்டு, “நேரம் இருந்தா பாடுவான்மா,” என்றார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நாற்காலி மேல் ஏறி நின்று கத்தியிருக்கலாம். எண்ணூறு பேர் என்னைத் திரும்பிப் பார்ப்பதை நினைத்தேன், கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்று மணிக்குப் பாட்டு தெருமுனையில் திரும்பி எங்கள் மேல் ஏறியது. ஆறு பாட்டு முடிந்து, ஏழாவதாக ‘ஓவர்டைம்’ வந்தது. பொன்மலைக்காரர்களுக்கு அது மனப்பாடம். அவர்கள் பையன், அவர்கள் பாட்டு, எங்கே முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். கடைசி ஸ்வரத்தின் தலையிலேயே எண்ணூறு பேரும் எழுந்து நின்று, அழுதுகொண்டே, கை சிவக்கச் சிவக்கத் தட்டினார்கள். அவர்கள் தட்டி முடித்தபோது ரோடு வெறுமனே கிடந்தது. பாட்டு மூன்றாம் வீதி முனையில் அவன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே போய்ப் புதுக்கோட்டை ரோட்டில் இறங்கிவிட்டது. பிலோமினா அம்மா கரண்டியோடு வாசலில் நின்று, அது போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காதர் அண்ணன் கடையை அடைத்துவிட்டு என்னைப் பைக்கில் மாத்தூருக்குக் கூட்டிப் போனார். அங்கே பாட்டு, பக்கத்து வீட்டில் யாரோ வைத்த டிவி அளவுக்குத்தான் இருந்தது. இந்த முறை நானே வாயைத் திறந்து, ஒரு பரோட்டா மாஸ்டரிடம், கடைசியில் மட்டும் கொஞ்சம் அமைதியாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். மிகவும் நல்ல மனிதர், அங்கிருந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். ஏழாவது பாட்டு முடிந்த கணத்தில் மாத்தூர் முழுக்க ஒருவரையொருவர் பார்த்து, உதட்டில் விரலை வைத்து, “உஷ்ஷ்ஷ்” என்றது. அந்த உஷ்ஷில் அவன் குரல் மூழ்கிப்போனது.

“மாஸ்டரு, நீங்கதான் ரொம்பச் சத்தமா உஷ்ஷுன்னது,” என்றாள் ஒரு பூக்காரம்மா.

“எல்லாரும் அடங்குனாதான நான் அடங்கறது?” என்றார் அவர்.

அதற்கு அடுத்த நாள் கீரனூருக்குப் புறப்பட்டபோது பிலோமினா அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். “வீட்டுக்கு வரல. சரி, நானே வர்றேன்,” என்றார். ஆட்டோவில் போனோம். கீரனூரில் ஒரு மூடிய அரிசி மில்லின் முன்னால், ஆள் நடமாட்டம் குறைந்த இடமாகப் பார்த்து, மூன்று பேரும் நின்றோம். இப்போது பாட்டு, அடுத்த அறையில் ஒருவர் முணுமுணுப்பது போலத்தான் கேட்டது. அம்மா ஆறு பாட்டுக்கும் கண்ணைத் திறக்கவில்லை. ‘ஓவர்டைம்’ நடுவில், அப்பா வேலை முடிந்து வருவதற்குள் மகன் தூங்கிப்போகிற இடத்தில், அவன் குரல் கொஞ்சம் பிசிறியது. அம்மா அந்தப் பிசிறைக் கேட்டதும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார், அப்படியும் அடங்காமல், முப்பத்திரண்டு நாளாக அடங்கிக் கிடந்த அழுகை அத்தனையும் வெளியே வந்துவிட்டது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் என்னவோ சொல்லிக்கொண்டு எங்களைக் கடந்து போனான்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீ கேக்க வந்ததக் கெடுத்துட்டேன்ல பிள்ள?”

“இல்லம்மா.”

“நாளைக்கு நீ மட்டும் போ. நான் வந்தா மறுபடியும் அழுவேன். காதரு, நீயும் போயி பக்கத்துல நிக்காத. நீ மூக்க உறிஞ்சுவ.”

“நான் எங்க உறிஞ்சறேன்?” என்றார் காதர் அண்ணன், உறிஞ்சிக்கொண்டே.

கீரனூரைத் தாண்டியதும் பாட்டு நெடுஞ்சாலையை விட்டுவிட்டது. ஆடு மாடு போகிற ஒரு மண்பாதையில் இறங்கி, மொட்டைப் பாறைகள் இருக்கிற பக்கமாகப் போயிற்று. அடுத்த நாள் காதர் அண்ணன் பைக்கைப் பாதை பிரிகிற இடத்தில் நிறுத்திவிட்டு, இதற்கு மேல் வரமாட்டேன் என்பதுபோல டேங்கின் மேல் கையை வைத்துக்கொண்டார். நான் தனியாக இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். உடைமரங்களையும் வெயிலையும் தவிர அங்கே எதுவும் இல்லை. பாதையை ஒட்டி ஒரு தாழ்ந்த பாறை இருந்தது, ஒரு ஆள் உட்காரலாம், இரண்டு பேர் என்றால் நெருக்கும். எண்பது நாற்காலிகளே அதிகம் என்று எப்போதாவது நான் மனசுக்குள் நினைத்திருந்தால், அதற்கேற்றபடி எனக்குக் கிடைத்த இடம் இதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டால்தான் கேட்கும் என்றும், இன்னும் ஒரு நாள் போனால் அதுவும் கேட்காது என்றும் எனக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு வந்தான். எறும்பின் சத்தம் எப்படி இருக்குமோ அப்படி வந்தது கிட்டார். முதல் பாட்டிலேயே, அங்கே ஒலியைப் பார்த்துக்கொண்டவர்கள் அவன் குரலைக் கீழேயே வைத்துவிட்டார்கள் என்பதும், கிட்டாரின் மேல் ஸ்தாயியைத் தேவைக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது, என் விரல்கள் பாறையின் மேல் தாமாகவே மேலும் கீழும் நகர்ந்தன. மூன்றாவது பாட்டில் அவன்தான் ஓடினான், காதர் அண்ணன் பிடிக்கப் போனார். ஐந்தாவது பாட்டில் ஒரு வரியைத் தாமதமாக எடுத்தான், அந்த இடத்தில் அவன் தலையை நிமிர்த்தித் தூரத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும், முதுகுகள் திரும்புவதைத்தான் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவன் குரலை ஏற்றினான். ஆறாவதில் இன்னும் ஏற்றினான். தொண்டை கட்டிப்போகும் என்று தெரிந்தும், முன்னால் இருந்த ஆயிரம் பேரின் தலைக்கு மேலாக, மீசை வைத்த அந்த ஒரு ஆளுக்கு எட்டிவிட வேண்டும் என்று, அடிவயிற்றிலிருந்து பாடினான். கீரனூரில் அம்மா கேட்ட பிசிறு, ‘ஓவர்டைம்’ நடுவில், இதனால்தான் விழுந்திருக்கிறது. கூட இருந்து ஒரு விரல் அளவு குரலை நான் ஏற்றிக் கொடுத்திருந்தால் அவன் அத்தனை கஷ்டப்பட்டிருக்க வேண்டாம்.

‘ஓவர்டைம்’ முடிந்தது. கடைசி ஸ்வரம் தலையில் அடிபடாமல், அது போக வேண்டிய தூரம் முழுக்கப் போய், தானாக அடங்கியது. எங்கள் பாட்டு ஒன்று அடங்குவதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். பிறகு அவன் மூச்சு இரைப்பது கேட்டது. பிறகு மைக்குக்கு மிக அருகில், சத்தம் இல்லாமல், வெட்கப்பட்டுக்கொண்டு ஒருவரை மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

“பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேட்டுச்சா?”

கேட்டுவிட்டுக் காத்திருந்தான். அங்கே முன்வரிசை கத்திக்கொண்டிருந்திருக்கும், நடுவரிசை எதற்கென்று தெரியாமல் தட்டிக்கொண்டிருந்திருக்கும், பின்னால் காலியாகிப்போன இடத்தைப் பார்த்துக்கொண்டு அவன் பதிலுக்காக நின்றிருப்பான். அந்தக் காத்திருப்பும் பாட்டைப் போலவே முந்நூற்றைம்பது கிலோமீட்டர் நடந்து வந்து என் மேல் ஏறி, நகராமல் நின்றது.

“கேட்டுச்சு பெலிக்ஸ்,” என்றேன். “நல்லாக் கேட்டுச்சு.”

நான் அவ்வளவு சத்தமாக அதற்கு முன் பேசியதில்லை. பாறையில் பட்டு எதிரொலிக்கும் என்று நினைத்தேன், எதிரொலிக்கவில்லை. கிட்டாரின் ஒயரைப் பிடுங்குகிற ‘டப்’ என்ற சத்தம் வந்து, என்னைக் கடந்து, உடைமரங்களுக்கு நடுவில் போய் மறைந்தது. என் குரல் அங்கேயே, எனக்கு ஒரு கை தூரம் முன்னால், மண்பாதையில் நின்றிருந்தது. பிறகு அது வடக்கே, அவன் வந்த வழியைப் பார்த்து, மெதுவாக நகரத் தொடங்கியது.

நாளைக்கு அது கீரனூரில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமைக்குள் பொன்மலையைக் கடந்துவிடும், பாடாலூரில் டம்ளர்களைக் கவிழ்ப்பார்களா என்று தெரியாது. ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் அந்த மைதானத்துக்குப் போய்ச் சேர. மேடையைப் பிரித்துவிட்டிருப்பார்கள், கம்பங்கள் நட்ட குழிகளில் மழைத்தண்ணீர் நிற்கும். அதன் பின்னாலேயே மெதுவாக நடந்து, இருட்டிய பிறகுதான் பாதை பிரிகிற இடத்துக்கு வந்தேன். காதர் அண்ணன் என்னைப் பார்த்ததும் பைக்கை உதைக்கப் போனார். வேண்டாம், கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போகலாம் என்றேன். அவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த அந்த மூன்று நாலு சொற்களை மிதித்துவிடாமல், முந்திவிடாமல், நாங்கள் பின்னால் நடந்தோம்.